என் பங்குச் சர்க்கரை

போன புதன்கிழமை அல்சூரில் என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. ஜெயாவுக்குப் பத்து வயது. ஓட்டப் பந்தயத்துக்குத் தானே போய் வகுப்பு டீச்சரிடம் பெயர் கொடுத்திருக்கிறாள். வீட்டில் மூச்சு விடவில்லை. நான் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ரிட்டயரான சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கு முன் வரிசை வேண்டாமா?

விசில் ஊதினார்கள். மற்றப் பெண்கள் பறந்தார்கள். ஜெயா பாதி தூரம் வந்தாள்... நின்றாள்... சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைத்தது.

"டும்மி! டும்மி!" என்று நாலா பக்கமும் கூச்சல். கன்னடத்தில் குண்டுப் பெண்ணைக் கேலி செய்கிற சொல். கத்தியவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குழந்தைகள்தான். கேலிக்கு மட்டும் மொழிச் சண்டை கிடையாது போலிருக்கிறது!

எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் காலையில் நேரே டிரில் டீச்சர் ரோஸியம்மாவிடம் போய் நின்றேன். "இதுதான் நீங்கள் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிற ஒழுக்கமா?" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் விளாசினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அந்த அம்மாள் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

"கேலி பண்ண பசங்களை நிக்க வெச்சுக் கேட்டாச்சு சார். நீங்க இதையும் கொஞ்சம் பார்த்துடுங்க."

என் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு முன் நான் எழுதிய கடிதம். 'மேற்படி குழந்தை தேக திடம் போதாதவளாகையால், மறு உத்தரவு வரும்வரை, டிரில் மற்றும் விளையாட்டுகளிலிருந்து விலக்கு அளிக்கவும்.'

"அப்போ எங்க ஸ்கூல்ல கோ-கோவுக்கு இவதான் சார் முதல் பொண்ணு. எட்டு வயசுல பெரிய பொண்ணுங்களைத் துரத்தித் தொட்டுட்டு வருவா. ஒருநாள் விழுந்து முட்டி சிராய்ச்சுது. மறுநாள் இந்த லெட்டர். ரெண்டு வருஷமா மரத்தடியில உட்கார்ந்து மத்தவங்க ஆடறதைப் பார்க்கறா. நானும் உங்க மறு உத்தரவுக்குத்தான் காத்துட்டு இருக்கேன் சார்."

முப்பது வருஷம் செக்ரடேரியட்டில் 'மறு உத்தரவு வரும்வரை' என்று எழுதியே பழகிய கை. அந்த மறு உத்தரவை நான்தான் போட வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"வீட்டுல என்ன சார் குடிக்கறா?"

"பால்... சர்பத்..."

"எவ்வளவு?"

அவரிடம் மழுப்பிவிட்டுக் கிளம்பினேன். வாசகர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரைக்கு மறுபடியும் ரேஷன் வந்துவிட்டதல்லவா? எங்கள் கார்டில் பெரியவர்கள் நாலு பேர். எனக்கோ நீரிழிவு; ஒரு ஸ்பூன்கூட ஆகாது. ஆனால் என் பங்கை வாங்காமல் விட முடியுமா? "விட்டால் போய்விடுமே!" என்று முதலில் சொன்னது நான்தான். பாவம், மருமகள் கமலாவின் மேல் பழி போட மாட்டேன். வாங்கி வைத்தால் எறும்பு மொய்க்கிறது. ஆகவே பாகு காய்ச்சி, ரோஸ் எஸென்ஸ் விட்டு, பாட்டிலில் ஊற்றினோம். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு டம்ளர், வந்ததும் ஒன்று, பாடம் எழுதும்போது ஒன்று, வெயிலுக்கு ஒன்று. நடந்தால் பத்து நிமிஷ தூரத்துக்கு ஜட்கா வண்டி. டாக்டர் எனக்கு விலக்கிய சர்க்கரையை, ஓடி விளையாட வேண்டிய குழந்தையை உட்காரவைத்து அவளுக்குள் ஊற்றியிருக்கிறேன்!

வருகிறவர்களெல்லாம் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா புஷ்டியா இருக்காளே!" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யுத்த காலத்துப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் நாம். எலும்பு தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று நினைக்கிறோம். மாடிப்படி ஏறினால் குழந்தைக்கு மூச்சு முட்டுகிறதே, அதில் போகாதா மானம்? குழந்தை என்ன, கொழுக்க வைத்துக் காட்சிக்கு நிறுத்துகிற பிராணியா? இத்தனை படித்தேன்... இது தெரியவில்லை. வெட்கக்கேடு!

வீட்டுக்கு வந்தால் ஜெயா ஒரேயடியாக, "நான் இனிமே ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்று கதவோரம் உட்கார்ந்திருந்தாள். கமலா சமாதானத்துக்கு சர்பத் கலந்துகொண்டு வந்தாள். எதற்கெடுத்தாலும் எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து! நான் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, கடித விஷயத்தைக் குழந்தையிடம் அப்படியே சொன்னேன்.

"நீங்களா எழுதினீங்க? டீச்சருக்குத்தான் என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன் தாத்தா."

இரண்டு வருஷம் மரத்தடியில் உட்கார்ந்து அப்படி நினைத்திருக்கிறாள்.

"எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. சம்பந்தப்பட்டவரைக் கேட்டா நாங்கள் உத்தரவு போடுவோம்?

அன்றே மறு உத்தரவு எழுதினேன். ஜெயா வாங்கிப் படித்தாள். 'படிப்படியாக அனுமதிக்கலாம்' என்று எழுதியிருந்தேன். "படிப்படியா எல்லாம் வேண்டாம், அடிச்சுடுங்க" என்றாள். அடித்தேன். திங்கட்கிழமை ஜட்காவைத் திருப்பி அனுப்பிவிட்டு நடந்தோம். வழியில் இரண்டு முறை நின்றாள், நானும் நின்றேன். கோ-கோவில் இன்னும் அவளை யாரும் கூப்பிடவில்லையாம். டிரில் வரிசையில் கடைசியில் நிற்கிறாளாம். என்னிடம் முன்போலப் பேசுவதில்லை. நியாயம்தான்.

நேற்று ரேஷன் கடையில் என் பங்கு வேண்டாம் என்றேன். பின்னால் நின்றவர் பதறிப்போனார்: "என்ன சார் நீங்க, விட்டா போயிடுமே!"

சர்க்கரை விட்டால் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஓடுகிற கால்களும் அப்படித்தான் என்று எந்தக் கார்டிலும் அச்சடிக்கவில்லையே!