இயந்திரத்துக்கு வைத்த பொட்டு

சிவமலர் பொட்டு வைக்காத இயந்திரம் கனடாவின் மொன்றியலில் குறைவு. ஆயுதபூசை வந்தால் வீட்டு மைக்ரோவேவ், மகளின் கார், வேலையிடத்து வாக்யூம் என்று ஒன்றையும் விடமாட்டாள். பதினொரு வருடமாகப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றைத் துப்புரவாக்குகிறாள். இந்த வருடம் அங்கே இருட்டறையில் இருந்த பெரிய மெஷினுக்கும், ப்ரொஃபசர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, மஞ்சளும் சந்தனமும் குழைத்து ஒரு பொட்டு வைத்தாள். எல்லாம் ஹரிபிரசாத் மேல் வைத்த இரக்கந்தான்.

ஹரிபிரசாத் சென்னைப் பெடியன். கீரையிலிருந்து வெளிச்சம் பிடிக்கும் மூலக்கூறு ஒன்றைப் பிரித்தெடுத்து, அதன்மேல் நீல லேசரை அடித்து, அது திருப்பிவிடும் வெளிச்சத்தைத் துணிக்கை துணிக்கையாக எண்ணுவதுதான் மூன்று வருடமாக அவன் படிப்பு. துணிக்கைகள் ஒவ்வொன்றாக வந்தால் அது குவாண்டம். சேர்ந்து வந்தால் படிப்பு அம்போ. அவை சேர்ந்தேதான் வந்துகொண்டிருந்தன. ஒரு கீரை இப்படியா ஒருவனைப் பழிவாங்கும் என்று சிவமலருக்கு ஆத்திரமாக வரும்.

ஆயுதபூசை முடிந்த புதன்கிழமை அவள் குப்பை எடுக்கப் போனபோது அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

“இந்த வாரம் இன்னும் மோசம்க்கா. வெள்ளிக்கிழமை ப்ரொஃபசர் இந்த ஆராய்ச்சியையே மூடிடுவாரு. நான் ஊருக்குத்தான் போகணும்.”

“ஏன் தம்பி அப்பிடி வருது?”

“வேற ஏதோ வெளிச்சம் கலக்குது. நீல லேசர் பட்டா துளி மஞ்சள்தூள்கூட பளபளன்னு மின்னும்க்கா.”

சிவமலர் குப்பைப் பையைக் கீழே வைத்தாள். சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை போகும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

“மெஷினுக்கு நான் பொட்டு வைச்சனான் தம்பி. கீரைச்சாறு வைக்கிற கண்ணாடித் தட்டுக்குக் கீழை.”

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு தட்டுக்குக் கீழே குனிந்தான். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அங்கே இரண்டு பொட்டுகள் இருந்தன. ஒன்று புதிது. மற்றது காய்ந்து கறுத்து ஒட்டிக்கிடந்தது.

“அது நான் வச்சதுக்கா. மூணு வருஷம் முன்னாடி, மெஷின் வந்த முதல் நாள். அம்மா போன்ல சொன்னாங்க.”

சிவமலருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருவருமாகச் சேர்ந்து தேய்த்துத் துடைத்தார்கள். அன்று மாலையே துணிக்கைகள் நல்ல பிள்ளைகளாக ஒவ்வொன்றாக வந்தன.

வெள்ளிக்கிழமை ப்ரொஃபசர் திரையைப் பார்த்துத் துள்ளினார். என்னத்தை மாற்றினீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். ஹரிபிரசாத் சிவமலரைத் திரும்பிப் பார்த்தான். சிவமலர்தான் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள், வடிவாகத் துடைத்தோம் என்று.

பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவர் அவளிடம் பெயர் கேட்டார். சொன்னாள். பிறகு சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, மொப்புக்கு ஒரு பொட்டு வைத்தாள்.