கல்லல் கண்மாயில் என் ஆண்டெனா

“காதுக்கே கேக்காத சத்தத்தப் பிடிக்கவா இம்புட்டு வருசம் படிச்சே?” கண்டரமாணிக்கத்தில் சித்தப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெருமையோடுதான் ஆமாம் என்றேன்.

முதல் நட்சத்திரங்கள் பிறக்கும் முன்பே இருந்த ஹைட்ரஜனின் ரேடியோ அலை இன்றும் மிக மங்கலாக வந்துகொண்டிருக்கிறது. அதைப் பிடிக்க நான் செய்த ஆண்டெனா, வானத்தின் எந்தத் திசையை எவ்வளவு வாங்குகிறது என்று முதலில் அளக்க வேண்டும். அது பிசகினால் பால்வெளியின் இரைச்சலையே ஆதிகாலச் செய்தி என்று நம்பிவிடுவோம். அளவு சரியாக வந்தால், அந்த அலையைத் தேடி அடுத்த வாரம் லடாக் போகும் ஆய்வுக் குழுவோடு என் ஆண்டெனாவும் போகும்.

காலை 5.40. காரைக்குடி ஸ்டேஷன். லோடு ஆட்டோக்காரர் முருகேசன் கல்லலுக்கு எழுநூறு ரூபாய் கேட்டார். சாமானைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“என்னம்மா, கட்டில் சட்டமா? கல்யாணச் சீரு கொண்டு போறீகளா?”

“ஆண்டெனாண்ணே.”

“அட, கேபிள்காரவுகளா!”

7.30. வறண்ட கண்மாய்க்கு நடுவே முருகேசனும் நானும் ஆண்டெனாவை நிறுத்தினோம். ரேடியோ அலை அனுப்பும் சிறு கருவியைச் சுமந்த டிரோன் அதற்கு மேலே எல்லாத் திசையிலும் போய் வந்தது.

9.15. இரு பக்கமும் ஒன்றுபோல் வர வேண்டிய அளவு, வரைபடத்தில் கிழக்கே தூக்கியிருந்தது. என் வேலைப்பாட்டில்தான் கோளாறோ என்று சந்தேகம் வந்தது. போனில் என் பேராசிரியர், “ரெண்டு பக்கத்துக்கும் சராசரி எடுத்து அனுப்பிடும்மா. சாயங்காலம் வரைக்கும்தான் நேரம்” என்றார்.

மனம் வரவில்லை. கிழக்கு முனை மேற்கே வரும்படி ஆண்டெனாவைத் திருப்பி வைத்து மறுபடி அளந்தேன். கோளாறு அதில் இருந்தால் வரைபடமும் திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

கோளாறு அந்தப் பக்கத்துத் தரையில்தானோ என்று கிழக்கே நடந்தேன். முருகேசன் சத்தம் போட்டார்.

“அங்குட்டுப் போகாதீக, கால் புதையும்! அந்தப் பக்கம் போன மாசந்தேன் தண்ணி வத்துச்சு.”

அவரிடம் கடப்பாரை வாங்கிக் குத்தினேன். ஒரு சாணுக்குக் கீழே களிமண் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஈர மண் ரேடியோ அலையைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும்.

“அப்ப சாமான் நல்ல சாமான்தேன்? அனுப்பிற வேண்டியதுதானே?”

“நல்லதுன்னு நம்புறேண்ணே. இன்னும் அளந்து காட்டலையே.”

“பிழைக்கத் தெரியாத ஆளாவுல இருக்கீக!”

மாலை 4 மணி. கல்லல் ஸ்டேஷன். சென்னை ஆய்வகத்துக் கணினியில் ஆண்டெனாவுக்குக் கீழே நான் வரைந்த தரை எங்கும் ஒரே மண்ணாக இருந்தது. இங்கே இருபது தப்படிக்குள் மண் மாறிவிட்டது. இந்த முறை என் ஆண்டெனாவைச் சேர்க்க வேண்டாம் என்று குழுவுக்கு எழுதினேன். இன்னொரு முறை படித்துப் பார்த்து அனுப்பிவிட்டேன். கிழக்குப் பக்கமும் சித்திரையில் காய்ந்துவிடுமாம். அப்போது வந்து மறுபடி அளக்க, சென்னையிலிருந்து காரைக்குடிக்கு இப்போதே டிக்கெட் எடுத்தாயிற்று.