ஸ்பீக்கரை நிறுத்திய பிறகு

முதலில் நான் கவனித்தது தேத்தண்ணியைத்தான். காலையில் அம்மா ஊற்றிக் கொடுத்த கோப்பையை ராணி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருப்பாள். குடிக்க மாட்டாள். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பிய நான், மறந்து வைத்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுக்கத் திரும்பி வந்தால், அப்போதும் அப்படியே இருப்பாள். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியிருக்கும்.

பக்கத்தில் பாயில் பிள்ளை அழும். ராணிக்குப் பால் சுரந்து சட்டை நனைந்திருக்கும். ஆனாலும் அவள் கண் சுவரில்தான் இருக்கும்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) நான், என் மனைவி ராணி, என் அம்மா மூவரும் இருந்தோம். கலியாணமாகி ஐந்தாறு வருஷம் காத்திருந்து, மாரியம்மனுக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை தர்ஷினி. அப்படிப் பெற்ற பிள்ளையை ஒரு தாய் பார்க்காமல் இருப்பாளா என்று எல்லாரும் கேட்டார்கள். நானும் எனக்குள் கேட்டேன். உங்கள் வீட்டிலும் இப்போது இந்தக் கேள்வி இருக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்த சின்னம்மா, காத்துக் கருப்புப் பட்டிருக்கும் என்றார். நான் சாமி கும்பிடுகிறவன். கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வந்து பூசினேன், கயிறும் கட்டினேன். அதில் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. ஆனால் கயிறு கட்டிய அன்று ராணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பிள்ளைய என் கையில குடுக்காதீங்க. எனக்கு என் கையப் பாத்தாலே பயமா இருக்குங்க."

அடுத்த நாளே தோட்டத்து மருத்துவிச்சியிடம் சொன்னேன். அவர் ராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

டொக்டர் அம்மா சிங்களவர். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பது போலப் பேசினார். வந்திருப்பது மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு (பிள்ளை பெற்ற தாய்மார் சிலருக்கு வரும் நோய், தூக்கம், பசி, ஆசை எல்லாவற்றையும் எடுத்துவிடும்) என்றார். "அம்மாவுக்குப் பிழை இல்ல. பிள்ளைக்கும் பிழை இல்ல. இது வருத்தம், ஒரு நோய். மருந்து இருக்கு." மனச்சோர்வு நீக்கி மாத்திரை (மூளையில் மனநிலையைச் சீராக்க உதவுவது) எழுதிக் கொடுத்தார். வேலை செய்யச் சில கிழமை (வாரம்) ஆகும், அதுவரை தனியாக விடக்கூடாது, மாத்திரையை நான்தான் வைத்திருந்து கொடுக்க வேண்டும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்துவிட்டது. மாத்திரைப் பையை வாங்கி என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மாத்திரை மட்டும் போதாது, பேசவும் வேண்டும் என்றார்கள். ஆனால் கைப்பிள்ளையோடு அந்த மலைப்பாதையில் அடிக்கடி பஸ் ஏறி வர முடியாது. அப்போதுதான் கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ், வீட்டில் போன் இருக்கிறதா என்று கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். போன் இருந்தது. கொழும்பில் கடையில் நிற்கும் என் தம்பி தீபாவளிக்கு வந்தபோது கொண்டு வந்தது. எங்கள் லயத்துக்கே அது ஒன்றுதான். மிஸ் நம்பரை எழுதிக்கொண்டு, தானே அழைத்து ராணியோடு பேசுவதாகச் சொன்னார்.

இப்போது தாய்மாருக்கென்றே போனில் செயலிகள் வந்துவிட்டன என்று மகள் சொல்கிறாள். அதுவே கேள்வி கேட்குமாம், தைரியம் சொல்லுமாம். நல்லதுதான். எங்களுக்கு இருந்தது சின்னத் திரையும் பொத்தான்களும் உள்ள ஒரு போன். அதையும் நாங்கள் எப்படி வைத்திருந்தோம் தெரியுமா? சாமிப் படத்துக்குப் பக்கத்தில், பொட்டு வைத்து. யாருக்குக் கோல் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போடுவோம். தம்பி பேசினால் எல்லாரும் கேட்போம், எல்லாரும் பேசுவோம். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. அதனால் பக்கத்து வீட்டாரும் கேட்பார்கள். ஒரு பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனால், அதைப் பற்றி லயம் முழுக்கப் பேச்சாகிவிடும்.

மிஸ் கோல் எடுத்தபோதும் அதே வழக்கம்தான். மிஸ் கேட்பார்:

"ராணி, இரவில நித்திரை வருதோ?"

ராணி வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா சொல்வார்: "எங்கங்க மிஸ் தூங்குறா? கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டுக் கெடக்குறா."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னம்மா: "பிள்ளைக்குப் பாலும் பத்தலங்க மிஸ். கருவாட்டுக் கொழம்பு குடுக்கலாங்களா?"

ராணியிடம் போனை நீட்டினால், "நல்லா இருக்கேங்க மிஸ்" என்பாள். அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தை. நாங்களும் மிஸ்ஸுக்கு எல்லாம் விளக்கமாகச் சொல்லிவிட்டோம் என்று திருப்தியாக இருப்போம். ராணியோ நாளுக்கு நாள் மெலிந்தாள்.

ஒருநாள் மிஸ் கேட்டார்: "அங்க எத்தினை பேர் இருக்கிறியள்?"

"வீட்டு ஆளுக மட்டுந்தாங்க மிஸ்" என்றார் அம்மா. வாசலில் அக்கம்பக்கத்துச் செருப்பு ஒரு குவியல் கிடந்தது.

மிஸ் என்னைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரை நிப்பாட்டிவிட்டு வெளியே வரச் சொன்னார். போனைக் காதில் வைத்தபடி, லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரை நடந்தேன். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தம்பி, உங்கட மனிசி இதுவரைக்கும் என்னோட கதைக்கேல்ல. கதைச்சதெல்லாம் உங்கட அம்மாதான். ராணி தனிய இருந்து கதைக்க ஒரு இடம் பாருங்கோ. பிந்த வேண்டாம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளப்புள்ள தனியாப் போயி போன் பேசுறதாடா? நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"சொல்லட்டும்மா. நான் காவலுக்கு இருக்கேன். அம்மன் கோயிலுக்குக் கூட்டமாத்தான் போறோம். ஆனா மனசுல உள்ளத ஆளாளுக்குத் தனியாத்தானே சொல்றோம்?"

அம்மா முந்தானையை உதறிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. சிக்னலும் அங்கே தெளிவாக இருக்கும். வேலை விட்டு வந்ததும் ராணியை அங்கே கூட்டிப் போனேன். அவள் பாறையில் உட்கார்ந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அவள் முதுகு தெரிகிற மாதிரி, பிள்ளையை வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

முதல் நாள் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அழுதாள். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. மிஸ் போனை வைக்கவில்லை. அடுத்த முறை பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்டதும் இல்லை.

லயத்தில் பேச்சு வராமல் இல்லை. கொழுந்துச் சாக்கோடு போன ஒரு மாமா நின்று கேட்டார்: "என்னா மாப்பிள, பொண்டாட்டி போன் பேசுது, நீ பிள்ளை ஆட்டுறியா?"

"ஆமாங்க மாமா. நல்லா ஆட்டுறேனான்னு பாத்துச் சொல்லிட்டுப் போங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார். எல்லாரும் அப்படிச் சிரிக்கவில்லை. ஆனால் பீலிக்கரையில் யாரோ ராணியைப் பற்றி ஒரு மாதிரியாகச் சொன்னபோது, பதில் கொடுத்தது என் அம்மா. "அவ ஆஸ்பத்திரி மிஸ்கிட்ட பேசுறா. ஒனக்குத் தண்ணி ரொம்பிருச்சுல்ல, தூக்கிட்டுப் போ." அதன்பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னம்மாவின் வைத்தியக் குறிப்புகளும் குறைந்தன.

ராணி உடனே எழும்பிவிடவில்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். மாத்திரை தொடங்கியதும் வாய் உலர்ந்தது, தலை சுற்றியது. ஒருநாள் தலை வாரிப் பின்னிக்கொள்வாள். மறுநாள் திரும்பவும் சுவர்ப் பக்கம் படுத்துவிடுவாள். நான் அம்மனிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. இன்றைக்கு இவள் இருக்கட்டும் தாயே என்றுதான் கேட்டேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம் பாறையில் உட்கார முடியாமல், ராணி கோயில் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்று பேசினாள். நான் இந்தக் கோடியில். சாரல் அடித்தது. பிள்ளை சிணுங்கியது. துண்டை எடுத்துப் போர்த்தப் பார்த்தேன். ஒரு கையால் சரியாக வரவில்லை.

ராணி பேசி முடித்துவிட்டு வந்து முன்னால் நின்றாள்.

"இப்பிடியா புடிப்பீங்க? கால் ரெண்டும் நனையுது பாருங்க. குடுங்க இங்க."

வாங்கிக்கொண்டாள். பிள்ளையின் பாதத்தைத் தன் கழுத்தடியில் வைத்துச் சூடாக்கினாள். திட்டிக்கொண்டேதான் படி இறங்கினாள். மழை விடவில்லையே, குடை ஏன் கொண்டு வரவில்லை, ஆம்பளைக்கு இது கூடத் தெரியாதா என்று லயம் வந்து சேரும்வரை திட்டினாள். நான் பின்னால் நனைந்துகொண்டே வந்தேன். அவ்வளவு இனிப்பான திட்டை அதற்குப் பிறகும் நான் வாங்கியதில்லை.

மாத்திரையை டொக்டர் மெதுமெதுவாகக் குறைத்து நிறுத்த ஒரு வருஷத்துக்கு மேலானது. நாமாக நிறுத்திவிடக்கூடாது. அதையும் மறக்காதீர்கள். போன் பேச்சும் குறைந்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்றானது. இப்போதும் சில நாள் ராணி மூட்டமாக இருப்பாள். அவளே, "இன்னைக்கு ஒரு மாதிரி இருக்குங்க" என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு அடுப்படி என்னுடையது.

அந்த மாதங்கள் அவள் ஞாபகத்தில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கிறது, பின்னால் இருக்கிறது. நடுவில் பனி மூடிய மலை மாதிரி ஒன்றும் தெரியவில்லை என்கிறாள். அதனால் என்னிடம் கேட்பாள். பிள்ளை முதலில் யாரைப் பார்த்துச் சிரித்தது, எப்போது குப்புற விழுந்தது என்று. நான் சொல்வேன். பல தடவை சொன்னதுதான். ஆனாலும் முதல் தடவை மாதிரி கேட்பாள்.

சொல்லும்போது என் இடது கை தானாக மடிந்து, இல்லாத பிள்ளையைத் தாங்கிக்கொள்கிறது. எனக்குத் தெரியாமலே அப்படி ஆகிறது. ராணி சிரித்துக்கொண்டு, அந்த மடிப்புக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டு, "ம், அப்புறம்?" என்பாள்.