தேதி போடாத படம்

விவியனுக்கு உட்காரத் தெரியாது. கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் நின்றபடியே வேலை பார்த்தவள். கையுறையின் விரலில் ஓட்டை, மணிக்கட்டில் கறை என்று குறை பிடித்தே பழகிய கண். ஓய்வு பெற்றதும் கேக் வகுப்புக்குப் போனாள், மூன்று வாரம். தையலுக்குப் போனாள், ஐந்து வாரம். மகன் ராட்னி ஜொகூருக்கு மாற்றலாகிப் போகும்போது தன் பழைய கேமராவை அவளிடம் தள்ளிவிட்டான்.

"இத வச்சு எதையாச்சும் பண்ணும்மா. அரை மணிக்கு ஒருவாட்டி எனக்கு போன் அடிக்காதே."

ஈப்போ நகரில் ஒரு சமூக மண்டபத்தில் ஞாயிறுதோறும் படம் எடுக்கும் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் லியூ. பன்னிரண்டு பேரில் தமிழ் ஆள் இவள் ஒருத்திதான். மூன்று மாதத்துக்கு ஒரே பயிற்சி: ஒரே ஆளின் முகத்தை வெவ்வேறு நாட்களில் எடுக்க வேண்டும். முடிவில் ஆளுக்கு ஒரு படம் மண்டபத்துச் சுவரில் ஏறும்.

விவியனுக்கு நல்லம்மாளைத் தவிர வேறு முகம் தோன்றவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் இருவரும். தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டம் ஆனது, செம்பனையில் பாதி வீடமைப்புக் குடியிருப்பு ஆனது. அதில் ஒரு வீட்டில் மகன் பவித்ரனோடும் மருமகள் ஷர்மினியோடும் நல்லம்மாள் இருக்கிறாள். போன வருடம் லேசான ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு திரும்பியது, நடையும் திரும்பியது. இடது கன்னம் மட்டும் சற்று இறங்கி அப்படியே நின்றுவிட்டது. இடது கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

முதல் நாள் எடுத்த நாற்பது படமும் பாழ். விவியன் நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்தாள், வாசலுக்கு இழுத்தாள், மறுபடி ஜன்னலுக்கே கொண்டுபோனாள்.

"ஏண்டி இப்படி சுத்திச் சுத்தி வர்ற? ஒரு எடத்துல நில்லு லா, எனக்கு மயக்கம் வருது" என்றாள் நல்லம்மாள்.

"நீ கொஞ்சம் சிரி."

"சிரிச்சா ஒரு பக்கந்தான் போவுது. மத்தது லீவுல இருக்கு."

லியூ அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மா வந்து உட்காருவதற்குள் எடுத்து முடித்துவிட்டீர்கள்" என்றார். விவியனுக்குச் சுருக்கென்றது.

அதன் பிறகு முறையாகச் செய்தாள். கைப்பிடி உள்ள நாற்காலி. இடது முழங்கைக்கு அடியில் தலையணை. இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு இடப்பக்கம் சரியும், படமும் சரியும். காலை மாத்திரை போட்டால் நல்லம்மாளுக்கு ஒரு மணி நேரம் கண் சொக்கும். ஆகவே பத்து மணிக்கு மேல்தான் கேமரா. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர். பேச்சு அவளுக்கு, வாயை மூடிக்கொண்டு நிற்பது விவியனுக்கு. இதுதான் பெரும்பாடு. கால் தானாகத் தாளம் போடும்.

ஏழாவது தடவை சுவர்க் காலண்டரை மறைக்க வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினாள். நல்லம்மாள் தலைக்குக் குளித்து, வெளிர்நிறச் சேலை கட்டி, திருநீறு பூசி வந்திருந்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். வலப்பக்க ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கண் நேராகப் பார்த்தது. விவியனின் விரல் முதல்முறையாகப் பொறுத்திருந்து அழுத்தியது. குறை தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அன்றைக்கே அதை ஷர்மினிக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பவித்ரன் போனில் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, அம்மா படத்த பெருசா ஒண்ணு அனுப்புங்க. ரொம்ப கிளியரா இருக்கு. பின்னால தேவப்படும்."

"எதுக்கு?"

"அப்பா தவறுனப்பத் தனிப் படமே இல்லாம, கல்யாணப் படத்துலேர்ந்து வெட்டிப் பேப்பர்ல போட்டோமே. பக்கத்து ஆளோட தோள் சேந்து வந்துச்சு. அம்மாவுக்கும் அப்படி ஆயிறக் கூடாதுல்ல?"

பாவம், அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. விவியன் படத்தைத் திறந்து பார்த்தாள். வெள்ளைத் துணி. திருநீறு. மூடிய வாய். நேர்ப்பார்வை. அடியில் தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி போட்டால் முடிந்தது. பத்திரிகையின் கடைசிப் பக்கங்களைப் புரட்டும் எந்தத் தமிழருக்கும் இது என்ன படம் என்று தெரியும். அவளுக்கு மட்டும் எடுக்கும்போது தெரியவில்லை.

பவித்ரன் வாசலில் நின்று போனில் பேசியது உள்ளே இருந்த நல்லம்மாளுக்கும் கேட்டிருக்கிறது. சனிக்கிழமை விவியன் போனபோது நாற்காலி போட்டிருக்கவில்லை.

"அழி" என்றாள் நல்லம்மாள். "அவங்க ரெண்டு பேரு போன்ல உள்ளதயும் நேத்தே அழிக்க வச்சிட்டேன்."

"நல்லம்மா, நான் எடுத்ததுலயே இதுதான் நல்ல படம்."

"நான் இன்னும் காலைல எழுந்து பல்லு வெளக்குறேன். அதுக்குள்ள எனக்குப் படம் தேடியாச்சு. என் கண்ணு முன்னால அழிடி. இல்லாட்டி இந்த வீட்டுப் பக்கமே கேமராவ தூக்கிட்டு வராதே."

விவியன் அழித்தாள். இரண்டு பொத்தான், ஒரு நொடி. நல்லம்மாள் சமாதானமாகி டீ போடச் சொன்னாள். வீட்டு லேப்டாப்பில் இன்னொரு பிரதி இருப்பதை விவியன் சொல்லவில்லை.

படங்கள் சுவரில் ஏற இருந்த இரண்டு வாரமும் அவள் வீட்டில் ஒரு வேலையும் முழுதாக முடியவில்லை. தரையைத் துடைப்பாள், பாதியில் விட்டு லேப்டாப்பைத் திறப்பாள், மூடுவாள். வேறு படங்களை வரிசைப்படுத்திப் பார்த்தாள். எல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த மாதிரி இருந்தன. கடைசியில் ஒரு மதியம் கடைக்குப் போய் அதையே பெரிதாக அச்சுப் போட்டு வாங்கி வந்தாள். காட்டினால் சிநேகிதி போவாள். காட்டாவிட்டால் மூன்று மாத உழைப்பு போகும்.

படங்களை மாட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபத்துக்குத் திரும்ப வேண்டிய சாலையில் திரும்பாமல் நேரே சுங்கை சிப்புட்டுக்குக் காரை விட்டாள்.

நல்லம்மாள் மைலோ பானத்தில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு முழுசா அழிக்கல. வீட்ல ஒண்ணு வச்சிருந்தேன்" என்று நின்றபடியே சொல்லிவிட்டு விவியன் படத்தை மேசையில் வைத்தாள்.

பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

"திருடி" என்றாள் நல்லம்மாள். "சர்ச்சுக்குப் போயி என்னத்தடி கத்துக்கிட்டே?"

"கிழிச்சுப் போடணும்னா போடு."

நல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். இறங்கிய கன்னத்தைப் பார்த்தாள். மறுபடி மொத்தமாகப் பார்த்தாள்.

"அங்க யாரு வருவா?"

"சீனவங்க, மலாய்க்காரங்க. வகுப்புல தமிழாளு நான் மட்டுந்தான்."

"அவங்க இதப் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"ஒரு பொம்பள உக்காந்திருக்கான்னு நெனப்பாங்க."

"அப்பக் கொண்டுபோயி மாட்டு. இங்க எவன் கண்ணுலயும் படக் கூடாது. கீழ என் பேரு முழுசா இருக்கணும். தேதி மட்டும் போட்டே, இருக்குற ஒரு கையால உன்னைய ஒரு வழி பண்ணிடுவேன்."

படத்துக்கடியில் பெயரும் எடுத்த தேதியும் எழுத வேண்டும் என்பது லியூவின் விதி. மண்டபத்துக்கு வந்த விவியன் பெயரை எழுதிவிட்டு நிறுத்தினாள்.

"தேதி?" என்றார் லியூ.

"இதற்குத் தேதி கிடையாது."

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

பதினொரு மணி வாக்கில் ஒரு தமிழர் உள்ளே வந்தார். பக்கத்து அறையில் நடந்த இலவச ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நல்லம்மாள் முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"நல்ல முகம். எப்பம்மா தவறுனாங்க?"

விவியனுக்குக் காது சூடானது. ஏதோ ஒரு தேதி சொல்லிவைத்தால் அவர் போய்விடுவார், நல்லம்மாளுக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் ஒன்றை மறைத்து வைத்துப் பட்ட பாடு போதும் என்று இருந்தது. போனை எடுத்து அடித்தாள்.

"நல்லம்மா, இங்க ஒருத்தரு நீ எப்ப போய்ச் சேந்தேன்னு கேக்குறாரு."

கெட்டது போ என்று விவியன் நினைத்தாள்.

"அந்தாளுகிட்ட போனக் குடு" என்ற குரல் மண்டபமே கேட்கும்படி வந்தது.

அவர் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. படத்தப் பாத்ததும் அப்படித் தோணிருச்சு."

"அது கெடக்கட்டும் அண்ணே. பசியாறிட்டீங்களா?"

"ஆச்சுக்கா."

"இப்ப நான் உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சிருச்சில்ல? மறுபடியும் பாத்துட்டுச் சொல்லுங்க. எப்படி இருக்கேன்?"

அவர் படத்தைப் பார்த்தார். இம்முறை அவசரப்படாமல் பார்த்தார்.

"கொஞ்சம் கோவக்காரங்க மாதிரி இருக்கீங்க" என்றார்.

"அப்பச் சரி" என்று சொல்லி நல்லம்மாள் போனை வைத்தாள்.