கைப்பிடியில் வார்னிஷ்

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். அடுகோடி என்ற பேட்டையில் ஒரு கடைசல் பட்டறையில் கட்டில் காலும் சப்பாத்திக் கட்டையும் கடைந்துகொண்டிருக்கிறேன். நவராத்திரி வந்தால் தாண்டியா கோல். குஜராத்திக்காரர்களின் கோலாட்டம் அது. இப்போது இங்கே அடுக்குமாடிக்கு அடுக்குமாடி எல்லோரும் ஆடுகிறார்கள். ஆடுகிறார்கள் என்று சொல்வது என் நல்ல குணம்.

போன வருஷம் ஓர் அடுக்குமாடிச் சங்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது ஜோடி கோல், நுனியிலிருந்து அடிவரை வார்னிஷ் வேண்டும் என்றார்.

“பிடிக்கிற எடத்துல வேணாம்மா. கை வேர்த்தா வழுக்கும். பறந்து போயி யாரு கண்ணுலயாவது குத்திடும்.”

“போட்டோல பளபளன்னு தெரியணும்ணா. நீங்க சும்மா அடிச்சுக் குடுங்க.”

அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. யாருடைய கண் என்பதுதான் தெரியவில்லை. ஒரு கண் போகப்போவது நிச்சயம் என்று பட்டது.

“ஆடுறவங்களுக்கே கவலையில்ல. நீ எதுக்குய்யா சாவுற?” என்றாள் மனைவி.

விழாவன்று சாயங்காலம் உப்புத்தாளைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கோல் செய்து கொடுத்தவன் என்றதும் காவலாளி உள்ளே விட்டார்.

தட்ட வேண்டும், நகர்ந்து அடுத்த ஆளிடம் போக வேண்டும். அதுகூட வரவில்லை. பாதிப் பேர் நின்ற இடத்திலேயே கொசு அடிப்பதுபோல் அடித்தார்கள். ஒருவர் இரண்டு கோலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன்னையே படம் பிடித்தார். நான் பயந்தபடியே ஒரு கோல் கை நழுவி, ஒருவர் காதோரம் பறந்து, ஒலிபெருக்கியில் மோதியது. கைதட்டினார்கள்.

ஆரத்திக்காகக் கோல்களை மேடையோரம் குவித்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடிகளை உரசத் தொடங்கினேன். பத்து ஜோடி முடிவதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார்.

“என்னண்ணா இது, சொறி புடிச்ச மாதிரி? இத யாரு எடுப்பா?”

“கண்ணு மேல ஆசை இருக்கிறவங்க எடுப்பாங்கம்மா.”

ஒருவரும் எடுக்கவில்லை. திரும்பி வந்தவர்கள், சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குவதுபோல், பளபளப்பானதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். உரசியது அப்படியே கிடந்தது.

பாட்டு ஆரம்பித்ததும் அந்த அம்மா திரும்பி வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஜோடியைக் கீழே போட்டார். நான் உரசியதில் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டார்.

“எதிர்ல ஆடுறது என் பொண்ணு,” என்றார் மெதுவாக.

வேறு யாரிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடியும்வரை நான் தூணுக்குப் பின்னால் நின்று எல்லோருடைய கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.