கேம்பர் வேனில் தண்ணீர் தீர்ந்தது

நாங்கள் வசிக்கும் பாயிண்ட் குக்கிலிருந்து நானும் மகளும் கிளம்பி நான்காவது நாள். பாலைவனச் சாலையோரம், சமையல் மேடையும் தண்ணீர் டேங்கும் கொண்ட எங்கள் கேம்பர் வேனை நிறுத்தி, அரிசி கழுவக் குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. குடிக்க மட்டும் கேனில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அடுத்த ஊருக்கு இன்னும் மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும்.

சென்னையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் குழாயும் கோடையில் இப்படித்தான் காற்றை ஊதும். லாரித் தண்ணீரை அம்மா குடம் குடமாகச் சுமந்து வந்து நீல டிரம்மில் நிரப்பி, அதன் வாயில் வேட்டித் துணி கட்டி வைப்பாள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பள்ளி ஆண்டு விழாவுக்காகத் தலைக்குக் குளித்தே அந்த டிரம்மைக் காலி செய்துவிட்டேன். வேலை முடிந்து வந்த அம்மா டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சரி விடு, நீ கிளம்பு" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் குடத்தோடு படியிறங்கினாள். என் அம்மாவுக்குக் கோபமே வராது என்ற பெருமையோடு விழாவுக்குப் போனேன்.

வேனில் என் பின்னால் வந்து நின்ற மகள், "சாரிமா, காலைல ஷாம்பூ போட்டேன், டேங்க் காலியாயிடுச்சு" என்றாள்.

திட்டத்தான் வாயெடுத்தேன். நாலு நாளாக ஸ்டியரிங் பிடித்த தோள்கள் கனத்தன.

"பரவால்லடி, பிரெட் இருக்கு, சாப்பிடு" என்றேன்.

அம்மாவுக்கும் அன்று திட்டத் தெம்பிருந்திருக்காது என்று அப்போதுதான் தோன்றியது.