பூசி மெழுகிய மொழிபெயர்ப்பு

“…பந்திலயும் பிழையில்லை, தடியிலயும் பிழையில்லை. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போறது, இந்தாளுக்குத் தள்ளத் தெரியாததாலதான். இதை அப்பிடியே அவருக்குச் சொல்லு தம்பி!”

சில வருடங்களுக்கு முன், கண்டாவளைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் குழுவொன்றில் நான் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து இரண்டாவது கிழமை. இதைச் சொன்னவர் எங்கள் குழுத் தலைவி, எல்லோருக்கும் அக்கா. ‘இந்தாள்’ என்றது எங்கள் எல்லோருக்கும் மேலான வெள்ளைக்காரப் பொறுப்பாளரை.

வேலை முடிந்த பின்னேரம், முகாம் முற்றத்தில் மீன் அடைத்து வந்த வெறும் தகர ரின் ஒன்றைப் புதைத்து, அதற்குள் கோல்ஃப் பந்தை உருட்டி விழுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். நாலு முழத் தூரம்தான். பதினொரு தரம் தள்ளினார். பதினொரு தரமும் பந்து ரின்னுக்குக் கிட்டப் போய், கோபக்காரச் சொந்தக்காரரின் வாசலைக் கண்டதுபோல வேலிப்பக்கம் திரும்பியது.

“அவர் என்ன சொல்கிறார்?” என்று பொறுப்பாளர் கேட்டார்.

நான் வானொலி கேட்டும் பழைய பேப்பர் வாசித்தும் இங்கிலீஷ் பழகியவன். மேலதிகாரியின் மோசமான ஆட்டத்தை மரியாதையாகச் சொல்ல ஒரு வசனமும் வாய்க்கு வரவில்லை. வேலையும் நிரந்தரமாகவில்லை. “நீங்கள் அருமையாக ஆடுகிறீர்களாம்; பந்துக்குத்தான் உங்கள் அருமை தெரியவில்லையாம்” என்று பூசி மெழுகிவிட்டேன்.

அவர் சுற்றி நின்ற குழுவினரைப் பார்த்தார். புகழ்ச்சிக்கு யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களா? “சொன்னதைச் சொல்” என்றார்.

வேர்க்க விறுவிறுக்க, கை வாய் எல்லாம் சேர்த்து மொழிபெயர்த்தேன். ‘தள்ளத் தெரியாது’ என்ற இடத்தில் திக்கினேன். அவரே எடுத்துக் கொடுத்தார்: “யூ காண்ட் பட்.” கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தள்ளுவதற்குப் பெயர் ‘பட்’டாம். நான் தேடிய சரியான இங்கிலீஷ் மூன்றே சொல்!

பிறகு சிரிக்காமல் கேட்டார்: “நாளைக்கு உன் அக்கா, அங்கே கால் வைக்காதே என்று என்னைப் பார்த்துக் கத்தினால், அதையும் எனக்கு நோகாமல் மாற்றிச் சொல்வாயா?”

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“என்னவாம்?” என்றார் அக்கா. ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

“அவர் கேக்கிறது சரிதானே. இனிமேல் என்ர கதைக்குப் பவுடர் பூசாதை.”

“ஓம் அக்கா.”

“காலையில் ஆறு மணிக்கு வா” என்றார் பொறுப்பாளர்.

இன்றும் மொழிபெயர்ப்புத்தான் என் தொழில். ஒருவருடைய சொல்லை நம்பித்தான் இன்னொருவர் கால் வைக்கிறார் என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. ஆகவே, அடுத்து நடந்ததை மறைத்தால் இதுவும் பூசி மெழுகியதாகிவிடும்.

பொறுப்பாளர் தடியை அக்காவிடம் நீட்டினார். அக்கா குந்தியிருந்து நிலத்தின் சரிவைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார், ஒரே தள்ளு. பந்து ரின்னைத் தாண்டி, வேலிக்குக் கீழால் புகுந்து, வெடி அகற்றி முடித்த பக்கத்து வயல் சேற்றுக்குள் விழுந்தது.

“தம்பி, மாத்தாமல் சொல்லு, எனக்கும் ஏலாது எண்டு” என்றபடி அக்கா காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, பந்தைத் தேடி வயலுக்குள் இறங்கினார்.